அடியில் படியாத கரித்தண்ணீர்

என் அக்காவின் வேலை, கரித்தூள் தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. இதற்காக அவள் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறாள்.

பெரியம்மா ஒருமுறை அவளைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தார்.

"அப்படி என்னம்மா வேலை பாக்குற?"

"கிராஃபீனைத் தண்ணியில பரப்புறேன் பெரியம்மா."

"பரப்பி?"

"படியாம பாத்துக்கறேன்."

"படிஞ்சிட்டா?"

"மறுபடியும் பரப்புவேன்."

பெரியம்மா அவள் தோளைத் தட்டினார். "பரவால்ல. உக்காந்து பாக்குற வேலைதானே," என்று தேற்றிவிட்டுப் போனார்.

பென்சிலுக்குள் இருக்கும் கரியை ஏடு ஏடாக உரித்துக்கொண்டே போனால், இதற்கு மேல் உரிக்க முடியாது என்று ஒரு கடைசி ஏடு வரும். ஓர் அணு கனம்தான் இருக்கும். அதுதான் கிராஃபீன். மின்சாரம் அதில் தங்குதடையில்லாமல் ஓடும். ஆனால் தண்ணீரைக் கண்டால் அதற்கு ஆகாது. தண்ணீரில் போட்டால், கல்யாண மண்டபத்தில் நம் உறவினர்கள் செய்வதைச் செய்யும். எவ்வளவு பிரித்துப் பிரித்து உட்கார வைத்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கூட்டம் கனத்து அடியில் படியும். அதனால் ஒவ்வோர் ஏட்டுக்கும் நடுவில் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் ஒருவரை நுழைக்க வேண்டும். அந்த மூன்றாம் மனிதர்தான் பாலிமர். அக்கா பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து எடுப்பது. பற்பசையும் ஐஸ்கிரீமும் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும் அதுவே. அவள் அதைக் கோந்து என்பாள். ஆய்வுக்கூட இயக்குநர் மேடையில் பேசும்போது அதற்கு மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு.

கரி தண்ணீரில் நின்றுவிட்டால், நாற்றமடிக்கும் வேறு திரவம் எதுவும் தேவையில்லை. சாயம் பூசுவதுபோல் உலோகத் தகட்டில் பூசி, உலர்த்தி, இரண்டு தகடுகளை முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் உப்புநீரில் நனைத்த காகிதத்தைச் செருகினால் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும். சீக்கிரம் நிறையும், கேட்டவுடன் கொடுக்கும். கொடுக்கிறதா என்று பார்க்க, அந்த ஆய்வுக்கூடத்தில் உள்ளங்கை அளவில் ஒரு விசிறி இருந்தது.

நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அக்கா வீட்டுச் சோபாவுக்குப் பின்னால் முதுகுப்பையை இறக்கியபோது, அவள் நகக்கண்களில் கறுப்புக் கோடு நிரந்தரமாகிவிட்டிருந்தது. வீட்டின் எல்லாக் கதவுப் பிடிகளிலும் அவள் விரல் தடங்கள் தெரிந்தன. வெள்ளைத் துண்டுக்கு அந்த வீட்டில் இடமில்லை. காபி டம்ளரைக் கையில் கொடுத்தால் குடிக்கும்வரை சுழற்றிக்கொண்டே இருப்பாள். அடியில் எதுவும் படிவது அவளுக்குப் பொறுக்காது.

"எல்லார் வீட்லயும் பாத்திரம் தேச்சா வெளுக்கும். உங்க அக்கா தேச்சா கறுக்கும்," என்றார் அவள் கணவர். நான் அவரை மாமா என்பேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். அவர் என்னை 'ஊர்சுத்தி' என்பார்.

அக்காவின் வேலை ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். பத்து வருஷமாகத் தற்காலிகமாக இருந்தால் அதை நிரந்தரம் என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். இந்தத் தடவை புதுப்பிப்பது நிதி கொடுக்கும் அமைப்பின் கையில் இருந்தது. அங்கிருந்து ஓர் அம்மா வந்து பார்த்து, திருப்தியாக இருந்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் திட்டமும் இல்லை, அக்காவும் இல்லை. அவள் வயதில் வேறு ஆய்வுக்கூடத்தில் விண்ணப்பிக்க முடியாது. எல்லா இடத்திலும் வயது வரம்பை அவள் போன வருஷமே தாண்டியிருந்தாள்.

ஆனாலும் யாரும் பயப்படவில்லை. காரணம், இயக்குநரின் மேஜைமேல் இருந்த பாட்டில்.

அக்கா செய்த கரித்தண்ணீர்தான் அது. ஆறு மாதமாகப் படியாமல் மைபோல நின்றது. மற்ற ஆய்வுக்கூடங்களில் ஒரு வாரம் நின்றாலே கேக் வெட்டுவார்களாம். இதைப் பற்றிக் கட்டுரை வந்துவிட்டது. நுழைவாயில் சுவரில் ஆளுயரப் படம் வைத்திருந்தார்கள்: பாட்டில், பக்கத்தில் இயக்குநர். பாட்டில் கொஞ்சம் கலங்கலாக விழுந்திருந்தது. இயக்குநர் தெளிவாக விழுந்திருந்தார்.

பிறகு இயக்குநருக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. பிடுங்கிக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் படுத்துவிட்டார். அக்கா ஏதோ கருவியின் சாவியை எடுக்க அவர் அறைக்குப் போனாள். போனவள் சாவியை மறந்து நின்றுவிட்டாள். பாட்டிலின் மேல்பாதியில் தெள்ளத் தெளிவான தண்ணீர். அதன் வழியே பின்சுவரின் காலண்டரைப் படிக்க முடிந்தது. கரி முழுவதும் அடியில் சேறாகக் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு இயக்குநரின் வலது கை ஞாபகத்துக்கு வந்தது.

அவருக்கு நாள் முழுக்கத் தொலைபேசி. பேசும்போது எதையாவது உருட்டாமல் அவரால் பேச முடியாது. ஆறு மாதமாக அவர் உருட்டியது அந்தப் பாட்டிலைத்தான். விருந்தாளி வந்தால் எடுத்து ஓர் ஆட்டு ஆட்டி, "பாருங்க, எப்படி நிக்குது!" என்பார். கட்டுரையில் கோந்தின் அளவு, கரியின் அளவு, வெப்பநிலை எல்லாம் எழுதியிருந்தார்கள். முக்கியப் பொருளான இயக்குநரின் மணிக்கட்டைச் சேர்க்க விட்டுவிட்டார்கள்.

அக்கா நேராக 'கோடு' என்ற சக ஆய்வாளரிடம் போனாள். எந்தப் புள்ளிகளைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு நேர்கோடு போட்டுவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

"படியலைன்னு தினமும் அளந்தது நீதானே? எப்படி அளந்த?"

"ரூமுக்குப் போவேன். சார் எடுத்துக் கையில குடுப்பாரு. கறுப்பா இருக்கும். எழுதிக்குவேன்."

"ஆட்டிட்டுக் குடுப்பாரா?"

கோடு குறிப்பேட்டை மூடினார். "அக்கா, பெரியவங்க குடுக்கும்போது ஆட்டினீங்களா சார்னு எப்படிக் கேக்குறது?"

இயக்குநர் ஒரு கன்னம் வீங்கி, பாதி வாயால் பேசிக்கொண்டு திரும்பி வந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவர் அதிர்ச்சியடையவில்லை. பாட்டிலை எடுத்து ஓர் ஆட்டு ஆட்டினார். கறுத்தது.

"இப்ப சரியா இருக்கே?"

"சார், ஆட்டினதால சரியா இருக்கு."

"ரெண்டு நாள்ல அந்த அம்மா வர்றாங்க. கோந்தைக் கூட்டுங்க."

அக்கா கூட்டினாள். கரியையும் கோந்தையும் தண்ணீரில் போட்டு, காதுக்குக் கேட்காத ஒலியால் ஏடுகளை உதிர்க்கும் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு வேகமாகச் சுழற்றி, கட்டியை ஒதுக்கி, மேலே நின்றதை மட்டும் எடுத்தாள். இந்த முறை பாட்டில் அற்புதமாக வந்தது. யாரும் தொடாமல் நின்றது. நான் சுற்றிய நாடுகளில் எத்தனையோ இரவு வானம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கறுப்பைப் பார்த்ததில்லை.

ஆனால் அதைத் தகட்டில் பூசி இணைத்தால், விசிறி அரைச்சுற்று சுற்றிக் கொட்டாவி விட்டதுபோல் நின்றுவிட்டது.

"ஏன்க்கா?"

"ரெண்டு பேரு தலையோட கால் போர்வையைப் போத்திக்கிட்டுக் கை குலுக்குற மாதிரிடி. கோந்து அவ்வளவு சுத்திக்கிச்சு. ஏட்டுக்கு ஏடு தொட்டாத்தானே கரண்டு போகும்? கோந்தைக் கொறச்சா விசிறி சுத்துது, பாட்டில் படியுது. கூட்டினா பாட்டில் நிக்குது, விசிறி படுத்துக்குது."

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. கோந்து, கரியைத் தகடுவரை கொண்டுபோய் விடட்டும். ஏடுகள் தகட்டில் ஒட்டி உட்கார்ந்த பிறகு, வெந்நீரில் கோந்தை மட்டும் கழுவி வெளியே அனுப்பிவிடலாம். சின்னத் தகடு ஒன்றில் செய்து பார்த்திருந்தாள். கோந்து போனது; பாதிக் கரியையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. மீதிப் பாதி நன்றாகவே வேலை செய்தது. சரி செய்ய அவகாசம் வேண்டும்.

இயக்குநர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பல் வலியால் மெதுவாக. "கழுவணும்னு சொன்னா அழுக்கு இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. நான் ஒண்ணு சொல்றேன். நிக்கிற பாட்டில் ஒரு மேஜையில. சுத்துற விசிறி இன்னொரு மேஜையில. இதுலதான் அது சுத்துதுன்னு நாம சொல்லவே வேண்டாம். அவங்களா நெனச்சுக்கிட்டா அது அவங்க அறிவு."

"கேட்டா?"

"ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுங்க."

அந்த மாலை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா அக்காவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"நான் கடையில ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்த ஃப்ரேம் உங்க முகத்துக்குன்னே செஞ்சதுன்னு சொல்றேன். எந்தப் போலீஸ் வந்து என்னைப் பிடிச்சுச்சு?"

"கண்ணாடியைப் போட்டதும் அவங்களுக்கு எழுத்து தெரியுதுல்ல?"

"தெரியும். அது பொய் இல்லையே."

"இங்க தெரியாதுங்க. என் பேப்பரைப் படிச்சிட்டு எவளாவது ஒருத்தி எங்கயோ உக்காந்து ஆறு மாசம் பாட்டிலையே பாத்துக்கிட்டு இருப்பா. நான் என்ன தப்புப் பண்ணேன்னு அழுவா. அவ டைரக்டருக்கு போன் பேசுற பழக்கம் இல்லன்னா அவ கதி அவ்வளவுதான்."

"வேலை போயிடுமே," என்றார் மாமா, விளையாட்டுக் குரலை விட்டுவிட்டு.

"போயிடும்," என்றாள் அக்கா. அவள் என்ன முடிவெடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் இயக்குநருக்கு வேறு கவலை. திட்டத்தில் எட்டுப் பேர் வேலை செய்வதாகக் காட்டியிருந்தார்கள். இருந்தது அக்காவும் கோடும். எனவே வீட்டில் சும்மா இருப்பவர்களைக் கூட்டி வரச் சொன்னார். எனக்கு ஒரு வெள்ளை அங்கி கொடுத்து நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார்.

"நாலு நாடு பாத்த பொண்ணு, முகத்துல ஒரு களை இருக்கு. யாராவது வந்தா குனிஞ்சு பாரும்மா. நிமிராத."

குனிந்து பார்த்தேன். நுண்ணோக்கிக்குள் ஒன்றும் இல்லை. விளக்குகூட எரியவில்லை.

மாமா கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். அங்கியின் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டு, சட்டைப்பையில் மூன்று பேனா செருகி, சுழற்றும் கருவி முன்னால் நின்றார். "பொறந்ததுலேருந்து இந்த வெள்ளைக் கோட்டுக்காகத்தான் காத்திருந்தேன்," என்று என் காதில் சொன்னார். உண்மையைச் சொன்னால், அறையில் இருந்த எல்லோரையும்விட அவர்தான் விஞ்ஞானி மாதிரி இருந்தார்.

நிதி அமைப்பின் அம்மா வந்தார். முழங்கால் வலிக்காரர். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்காலி எங்கே என்றுதான் முதலில் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் ஆய்வுக்கூடங்களாக ஏறி இறங்கியவரின் களைப்பு முகத்தில் இருந்தது.

மாமாவிடம் நின்று, "நீங்க என்ன பண்றீங்க?" என்றார்.

"அளந்துக்கிட்டிருக்கேன் மேடம்," என்றார் மாமா பணிவாக. பிறகு பழக்கதோஷத்தில், "கண்ணாடி மூக்குல இறங்குது பாருங்க, காதுப்பக்கம் கொஞ்சம் வளைக்கணும்," என்று சொல்லிவிட்டார். இயக்குநரின் வீங்காத கன்னமும் சிவந்தது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மாமா வளைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்து, "இந்த வாரத்துலயே இதுதான் உருப்படியான வேலை," என்றார் அந்த அம்மா.

இயக்குநர் அவசரமாக அவரைப் பாட்டில் மேஜைக்கு அழைத்துப் போனார். அன்று அதை ஆட்டவே தேவையில்லை; கோந்து நிறைய. இருந்தும் கை சும்மா இருக்குமா? எடுத்தார், ஆட்டினார். "ஆறு மாசமா இப்படியே நிக்குது மேடம்."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி, பக்கத்து மேஜையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இந்தப் பாட்டில்ல இருக்கறதுதான் அந்த விசிறியைச் சுத்த வைக்குதாம்மா?"

தலையை ஆட்டினால் போதும். நான் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்துவிட்டேன். அக்காவின் கழுத்து அசைவதுபோல்கூட இருந்தது.

"இல்லீங்க மேடம்."

அக்கா முதலில் பாட்டிலைக் காட்டினாள்.

"இது நிக்கும், ஆனா விசிறியைச் சுத்த வைக்காது. அதைச் சுத்த வைக்கிறது வேற பாட்டில். அது நிக்காது, நாளைக்குள்ள படிஞ்சிரும்." மேஜைக்குக் கீழே குனிந்து, துணி போட்டு மூடியிருந்த இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்தாள். அதில் அடிப்பாதி ஏற்கெனவே சேறு. "ரெண்டும் ஒண்ணா இன்னும் வரல. ஆறு மாசம் நின்னதா சொன்னது இது ரெண்டும் இல்ல. பழசு. அது சார் போன் பேசும்போது ஆட்டிக்கிட்டே இருந்ததால நின்னுச்சு. எங்களுக்கே போன வாரந்தான் தெரியும்."

கோடு சுவரோடு சுவராகிப் போனார். மாமா பேனாக்களை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், பதவி பறிபோனவர்போல.

இயக்குநரை நான் லேசாக நினைத்துவிட்டேன். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் அவர் அசந்திருந்தார்.

"அதாவது மேடம்," என்றார், "அதுதான் எங்களோட ரெண்டாவது கண்டுபிடிப்பு. குறிப்பிட்ட இடைவெளியில மென்மையான அசைவு. இப்போதைக்குக் கையால. ஒரு மெஷின் மட்டும் கெடைச்சா..."

"பாட்டிலை ஆட்டுறதுக்கா?"

"நிலைப்படுத்துறதுக்கு."

அந்த அம்மாவின் உதடு கொஞ்சம் கோணியது. அக்காவிடம் திரும்பி, "ரெண்டு பாட்டிலையும் குடும்மா. என் ரூம்ல வெச்சுக்கறேன். எது எப்ப என்ன ஆகும்னு வாயால சொல்லு," என்றார். அக்கா சொன்னாள். ஒன்று நிற்கும். இன்னொன்றை ஆட்டி வைத்தால் மறுநாளுக்குள் பாதிக்குக் கீழே இறங்கும். ஆனால் சேறு கெட்டியாகாது, மறுபடி ஆட்டினால் கட்டியில்லாமல் கலக்கும். கழுவும் யோசனையையும், அதில் பாதிப் பூச்சு போய்விட்டதையும் சொன்னாள். அந்த அம்மா இரண்டு பாட்டிலையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து போனார்.

அதன் பிறகு வந்த நாள்கள் மோசமானவை. இயக்குநர் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அவள் எதிரிலேயே இருந்தாலும் கோடு வழியாகச் சொல்லி அனுப்பினார். அக்கா மேஜையை ஒழித்துத் தன் பொருள்களைப் பைகளில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமா சத்தமில்லாமல் கடையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கினார். ஆளுக்கொரு பக்கம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டோம். அந்த வீட்டில் அதைவிடத் தொல்லையான விஷயம் கிடையாது.

ஒரு சாயங்காலம் அக்காவின் கைபேசி அடித்தது. அவள் கை மாவாக இருந்ததால் நான் பொத்தானை அழுத்தி மேஜைமேல் வைத்தேன்.

"உங்க பாட்டில் படிஞ்சிருச்சும்மா," என்றது அந்த அம்மாவின் குரல்.

"படியும்னு சொன்னேனே மேடம்."

"அதுக்குத்தான் போன் பண்றேன். என் ரூம் அலமாரியில ஒரு வரிசை பாட்டில் வெச்சிருக்கேன். எல்லாம் படியவே படியாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தது. எல்லாம் படிஞ்சு கெடக்கு. படியும்னு சொல்லிக் குடுத்துப் படிஞ்சது உன்னோடது ஒண்ணுதான். ஆட்டினேன், கட்டியில்லாம கலங்குச்சு."

"இன்னொண்ணு மேடம்?"

"அது அப்படியே நிமிந்து நிக்குது."

"நிக்கும். அதுக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

மறுமுனையில் சிரிப்பு. "ஒரு வருஷம் தர்றோம். கழுவிக் காட்டு. உங்க டைரக்டர் கேட்ட ஆட்டுற மெஷினும் வருது. அது வேற பிரிவு, அவங்க உடனே ஒத்துக்கிட்டாங்க. அதுல நான் தலையிட முடியாது."

அழைப்பு முடிந்தது. மாமா குளியலறையிலிருந்து தலையில் நுரையோடு எட்டிப் பார்த்தார். "என்ன? இருக்கா, போச்சா?"

"இருக்கு," என்றாள் அக்கா. "ஒரு வருஷம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாவுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "நாளைக்கு எங்கூட வர்றியா? தகட்டை யாராவது சாய்ச்சுப் பிடிச்சாத்தான் நான் மெதுவா தண்ணி விட முடியும். கோடு அளந்து எழுதணும்," என்றாள்.

"வர்றேன். கழுவினா இந்தத் தடவை கரி நிக்குமா?"

"தெரியலடி," என்றாள். அந்த வார்த்தையை அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.